இறந்தவர் நடுவிலிருந்து: ‘வெர்டிகோ’ படத்தின் வரலாறு

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1958இல் வெளிவந்த ‘வெர்டிகோ’ படத்தில் ஒரு கொலை நடக்கிறது. கொலை செய்தவன் பிடிபடுவதில்லை. அவன் பிடிபடுவானா என்று படம் கவலைப்படுவதும் இல்லை. அந்தக் கொலைக்குக் கருவியாக்கப்பட்ட ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உள்ளுக்குள் எப்படிக் கருகிப்போகிறார்கள் என்பதையே அது பின்தொடர்கிறது. உமியில் பற்றிய தீ வெளியே சுடர் காட்டாது, உள்ளே கனன்றுகொண்டிருக்கும். 128 நிமிடம் ஓடும் இந்தப் படத்தின் நடையும் அப்படித்தான். வழக்கமான ஹிட்ச்காக் விறுவிறுப்பை எதிர்பார்த்து வந்த அன்றைய பார்வையாளர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 54 ஆண்டுகள் கழித்து, உலகெங்கும் உள்ள விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் அதே படம் முதலிடத்துக்கு வந்தது.

கதை சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. துப்பறியும் போலீஸ் அதிகாரி ஸ்காட்டி ஃபெர்குசன், கூரைகளின் மேல் ஒரு குற்றவாளியைத் துரத்தும்போது வழுக்கி, மழைநீர்க் குழாயைப் பிடித்துத் தொங்குகிறார். அவரைத் தூக்கிவிடக் கைநீட்டிய சக காவலர் கீழே விழுந்து இறக்கிறார். அன்றிலிருந்து உயரத்தைக் கண்டாலே ஸ்காட்டிக்குத் தலைசுற்றல், வேலையை விட்டுவிடுகிறார். கல்லூரித் தோழன் கேவின் எல்ஸ்டர் அவரைக் கூப்பிட்டு, தன் மனைவி மேட்லினைப் பின்தொடரச் சொல்கிறான். நூறாண்டுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட கார்லோட்டா வால்டெஸ் என்ற முன்னோர் அவளை ஆட்கொண்டிருக்கிறாள் என்பது அவன் சொல்லும் காரணம். பின்தொடர்ந்த ஸ்காட்டி அவள்மேல் காதல் கொள்கிறார். ஒருநாள் அவள் பழைய மாதாகோயில் ஒன்றின் மணிக்கோபுரத்தில் ஏறுகிறாள். பாதிப் படிக்கு மேல் ஸ்காட்டியால் ஏற முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஓர் உடல் விழுவது மட்டும் அவர் கண்ணில் படுகிறது. மனம் பேதலித்து மருத்துவமனையில் கிடந்து வெளிவந்தவர், தெருவில் மேட்லினின் சாயலில் ஜூடி என்ற கடைப்பெண்ணைக் காண்கிறார். அவளுடைய உடையை, செருப்பை, கூந்தல் நிறத்தை, கொண்டையை ஒவ்வொன்றாக மாற்றி, இறந்தவளை மறுபடி உருவாக்கப் பார்க்கிறார். ஜூடிதான் அந்த ‘மேட்லின்’. எல்ஸ்டர் கூலி கொடுத்து அவளை மனைவியாக நடிக்கவைத்தான். கோபுரத்திலிருந்து விழுந்தது அவன் கொன்று எறிந்த உண்மையான மனைவியின் உடல்.

இந்தக் கதையின் வேர் பிரான்சில் இருக்கிறது. பியர் புவாலோ, தோமா நார்ஸ்ஜாக் என்ற இரு துப்பறியும் கதை எழுத்தாளர்கள் 1940களின் இறுதியில் சந்தித்து, சேர்ந்து எழுத முடிவு செய்தார்கள். இருவரும் தனித்தனியே பரிசு வாங்கியவர்கள். ஆங்கிலத் துப்பறியும் கதை மூளைக்கு ஒரு புதிர். அமெரிக்கக் கதை முரட்டுத் துப்பறிவாளனின் சாகசம். இரண்டையும் விட்டு, பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் நின்று கதை சொல்வதை இவர்கள் தங்கள் வழியாக்கிக்கொண்டார்கள். இந்த வழியில் எழுதும்போது வாசகர் பார்ப்பதும் அறிவதும் அந்த மனிதர் பார்த்ததும் அறிந்ததும் மட்டுமே. அவரோடு சேர்ந்தே வாசகரும் ஏமாறுகிறார். 1952இல் வந்த அவர்களது நாவலை ஹென்றி-ஜார்ஜ் க்ளூசோ ‘லே டியபாலிக்’ என்ற படமாக எடுத்து 1955இல் வெளியிட்டார். 1954இல் வந்த இன்னொரு நாவலின் தலைப்புக்கு ‘இறந்தவர் நடுவிலிருந்து’ என்று பொருள். ‘வெர்டிகோ’வுக்கு மூலம் அதுதான்.

நாவலின் பின்னணி இரண்டாம் உலகப் போர். முதல் பாதி 1940இன் பாரிஸில், ஜெர்மன் படை நெருங்கும் நாட்களில் நடக்கிறது. இரண்டாம் பாதி போர் முடிந்தபின், பெரும்பகுதி மார்செய்யில். இடையில் எத்தனையோ பேர் காணாமல் போயிருந்தார்கள். திரையரங்கில் செய்திப்படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, போரில் தொலைந்த ஒரு நண்பரின் முகம் கூட்டத்தில் தெரிந்ததுபோல் தோன்றியதுதான் கதையின் முதல் பொறி என்று நார்ஸ்ஜாக் பின்னாளில் சொன்னார். இறந்ததாக எண்ணியவர் தெருவில் எதிரே வருவது அந்தத் தலைமுறை பிரெஞ்சுக்காரர்களுக்கு வெறும் கற்பனை அல்ல. ஹிட்ச்காக்குக்காகவே எழுதிய நாவல் இது என்று இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ ஒரு கதையைப் பரப்பினார். நார்ஸ்ஜாக் அதை மறுத்தார். பாராமவுண்ட் நிறுவனம் 1955இல் உரிமையை வாங்கியது என்பது மட்டும் உறுதி.

திரைக்கதை எளிதில் அமையவில்லை. நாடகாசிரியர் மேக்ஸ்வெல் ஆண்டர்சன் 1956இல் எழுதிக் கொடுத்ததை ஹிட்ச்காக் ஒதுக்கினார். அலெக் காப்பெல் காட்சிகளின் எலும்புக்கூட்டை அமைத்தார். அதற்குச் சதையும் உயிரும் கொடுத்தவர் சாமுவேல் டெய்லர். சான் ஃபிரான்சிஸ்கோவை நன்கு அறிந்தவர் அவர். ஸ்காட்டியை ஒருதலையாய் நேசித்து அதைக் கேலிப் பேச்சில் மறைக்கும் ஓவியப் பெண் மிட்ஜ், நாவலில் இல்லை; டெய்லரின் படைப்பு. கார்லோட்டாவின் ஓவியத்தைப் படியெடுத்து, அதில் கண்ணாடி போட்ட தன் முகத்தை வரைந்து ஸ்காட்டியிடம் அவள் காட்டும் காட்சி படத்திலேயே மிகவும் வலிக்கும் இடங்களில் ஒன்று. விளையாட்டாகச் செய்ததுபோல் தொடங்கி, அவள் பல நாள் அடக்கிவைத்ததை ஒரே நொடியில் வெளிக்காட்டிவிடுகிறது. அவர் எழுந்து போய்விடுகிறார். தனியே நிற்கும் அவள் அந்தப் படத்தின்மேல் வண்ணத்தை அப்புகிறாள்.

டெய்லரின் கையோடு வந்த இன்னொன்று ஊரின் பழைய வரலாறு. சான் ஃபிரான்சிஸ்கோ 1776இல் ஸ்பானியர் அமைத்த ஒரு கோட்டையும் ஒரு மாதாகோயிலுமாகத் தொடங்கிய ஊர். கலிஃபோர்னியா பிறகு மெக்சிகோவின் வசம் போனது. 1848இல் போருக்குப் பிந்தைய உடன்படிக்கையில் அமெரிக்காவின் கைக்கு வந்தது. அதே ஆண்டு தங்கம் கிடைத்த செய்தி பரவ, அடுத்த ஆண்டிலிருந்து வெளியூர்க் கூட்டம் வெள்ளமாகப் புகுந்தது. பழைய ஸ்பானிய வாழ்க்கை சில ஆண்டுகளில் மூழ்கிப்போனது. படத்தில் வரும் கல்லறைக் கல்லின்படி கார்லோட்டா 1831இல் பிறந்து 1857இல் இறந்தவள்; அவள் வளர்ந்ததும் வீழ்ந்ததும் சரியாக அந்த மாற்றத்தின் நடுவில். மாதாகோயில் குடியிருப்பிலிருந்து வந்த ஏழைப் பெண்ணை ஒரு செல்வந்தன் கொண்டுவந்து மாளிகையில் வைக்கிறான். குழந்தை பிறந்ததும் குழந்தையை வைத்துக்கொண்டு அவளைத் தெருவில் விடுகிறான். என் குழந்தை எங்கே என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டுத் திரிந்து அவள் பைத்தியமாகிச் சாகிறாள். இதைச் சொல்லும் பழைய புத்தகக்கடைக்காரர், அந்தக் காலத்து ஆண்களுக்கு இதைச் செய்யும் சுதந்திரமும் பலமும் இருந்தன என்கிறார். எல்ஸ்டரும் தன் அறையில் பழைய நகரத்தின் படங்களைக் காட்டி அதே காலத்துக்காக ஏங்குகிறான். ஜூடியைப் பயன்படுத்திக் கைவிட்ட எல்ஸ்டர், அவளை அழித்து இன்னொருத்தியாக்கும் ஸ்காட்டி, கார்லோட்டாவின் செல்வந்தன் ஆகிய மூவரும் ஒரே ஆண்தான் என்பதைப் படம் யார் வாயாலும் சொல்லவைக்காமல் உணர்த்துகிறது. ஊரின் வரலாற்றைக் கதையின் முதுகெலும்பாக்கியது டெய்லரும் ஹிட்ச்காக்கும் நாவலுக்குச் செய்த பெரிய கொடை.

படப்பிடிப்பு பலமுறை தள்ளிப்போனது. 1957இன் தொடக்கத்தில் ஹிட்ச்காக்குக்குக் குடலிறக்கத்துக்கும் பிறகு பித்தப்பைக்கும் அறுவைசிகிச்சைகள் நடந்தன. மேட்லினாக நடிக்க ஒப்பந்தமாகி, உடை ஒத்திகையும் முடித்திருந்த வெரா மைல்ஸ் கருவுற்றதால் விலகினார். கொலம்பியா நிறுவனத்திடமிருந்து கிம் நோவாக் இரவல் பெறப்பட்டார். பதிலுக்கு, ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நோவாக்குடன் கொலம்பியாவின் ஒரு படத்தில் நடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செப்டம்பர் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெளிப்புறப் படப்பிடிப்பு தொடங்கி, டிசம்பரில் ஹாலிவுட் செட்களில் முடிந்தது. ஸ்டூவர்ட்டுக்கு அப்போது 49 வயது, நோவாக்குக்கு 24.

நோவாக்குக்குச் சாம்பல் நிற உடையும் கருப்புச் செருப்பும் பிடிக்கவில்லை. ஹிட்ச்காக் விட்டுக்கொடுக்கவில்லை. பொன்னிறக் கூந்தல் பெண் சாம்பல் உடையில் வந்தால், பனிமூட்டத்திலிருந்து இறங்கி வந்தவள்போல் தெரிவாள் என்பது அவர் கணக்கு. உடை வடிவமைப்பாளர் ஈடித் ஹெட் அப்படியே செய்தார். தனக்குப் பிடிக்காத அந்த உடையின் இறுக்கம், பிறர் சொன்னபடி உடுத்தி நடிக்கும் பெண்ணின் இறுக்கமாகவே தனக்கு உதவியது என்று நோவாக் பிற்காலத்தில் விளக்கினார். இந்தப் படத்தில் அவருடைய நடிப்பு நெடுங்காலம் குறைத்தே மதிப்பிடப்பட்டது. மேட்லினின் மிதப்பும் ஜூடியின் மண்வாசனைப் பேச்சும் ஒரே உடலில் வந்தாலும் இரு வேறு மனுஷிகளாகத் தெரிகின்றன. மேட்லினாக மாறிய ஜூடியின் முகத்தில் இருவரும் ஒருசேரத் தெரிகிறார்கள். இப்படி ஒரு பாத்திரத்தைச் சுமந்த நடிகைகள் மிகக் குறைவு.

இடங்களின் தேர்வும் கதையோடு ஒட்டியது. கோல்டன் கேட் பாலத்தின் அடியில் உள்ள ஃபோர்ட் பாயின்ட் கோட்டையருகே மேட்லின் தண்ணீரில் குதிக்கிறாள். லீஜன் ஆஃப் ஆனர் அருங்காட்சியகத்தில் கார்லோட்டாவின் ஓவியத்தின் முன் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறாள். மிஷன் டொலோரெஸ் மாதாகோயிலின் கல்லறைத் தோட்டத்தில் படத்துக்காக நட்ட போலிக் கல்லறைக் கல் படப்பிடிப்புக்குப் பிறகும் சில காலம் அங்கேயே நின்றது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 145 கிலோமீட்டரில் 1797இல் நிறுவிய சான் ஹுவான் பவுட்டிஸ்டா மாதாகோயில் இருக்கிறது. படத்தின் இரண்டு உச்சங்களும் நடப்பது அங்கேதான். ஆனால் படப்பிடிப்பு நடந்தபோது அந்தக் கோயிலில் அப்படியொரு உயர்ந்த கோபுரமே கிடையாது. பழைய கோபுரம் முன்பே இடிக்கப்பட்டிருந்தது. திரையில் தெரிவது மாதிரி உருவமும், கண்ணாடியில் தீட்டிய ஓவியமும், ஸ்டுடியோவில் கட்டிய படிக்கட்டும் சேர்ந்த ஒன்று. படத்தைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்கள் தாழ்ந்த ஓட்டுக்கூரையைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தப் படிக்கட்டில்தான் திரைப்படக் கலை ஒரு புதிய உத்தியைக் கற்றது. ஸ்காட்டி கீழே பார்க்கும்போது தரை அவரைவிட்டு விலகி ஓடுவதுபோல் தெரியவேண்டும். இளவயதில் லண்டனில் ஒரு நடன விருந்தில் போதையேறியபோது எல்லாம் தன்னைவிட்டு விலகிச் சென்றதாகத் தோன்றியதை ஹிட்ச்காக் மறக்கவில்லை. 1940இல் ‘ரெபெக்கா’ படத்திலேயே அதைக் காட்ட முயன்று தோற்றிருந்தார். ‘வெர்டிகோ’வில் இரண்டாம் பிரிவின் ஒளிப்பதிவாளர் இர்மின் ராபர்ட்ஸ் வழி கண்டார்: கேமரா முன்னோக்கி நகர, அதே வேகத்தில் ஜூம் லென்ஸ் பின்னோக்கி விலக வேண்டும். சட்டகத்தின் ஓரங்கள் அசையாமல் நிற்க, நடுவிலுள்ள ஆழம் மட்டும் நீளும். முழுப் படிக்கட்டின் உச்சியில் கேமராவைத் தொங்கவிட்டு எடுத்தால் 50,000 டாலர் ஆகும் என்றார்கள். பார்ப்பவரின் கண்ணாகவே கேமரா இருப்பதால் மனிதர் யாரும் சட்டகத்தில் வேண்டியதில்லையே என்று யோசித்த ஹிட்ச்காக், சிறிய மாதிரிப் படிக்கட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கேமராவைத் தரையோடு நகர்த்தி எடுக்கச் சொன்னார். 19,000 டாலரில் முடிந்தது. சில நொடிகளே வரும் இந்த உத்தி இன்று டாலி ஜூம் என்ற பெயரில் எல்லா ஊர் சினிமாவிலும் புழங்குகிறது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ படக் கடற்கரைக் காட்சி அதன் புகழ்பெற்ற வாரிசு.

நிறத்தையும் படம் இதே கவனத்தோடு கையாள்கிறது. மேட்லின் முதலில் தோன்றும்போது அவள் உடுத்தியிருக்கும் மேலாடையில் பச்சை, அவள் ஓட்டும் காரில் பச்சை. ஜூடி தங்கும் விடுதியின் ஜன்னலுக்கு வெளியே பச்சை நியான் விளக்கு. முழுமையாக மேட்லினாக மாறி அவள் குளியலறைக் கதவைத் திறந்து வரும்போது அந்தப் பச்சை ஒளி மூட்டமாக அவளைச் சூழ்கிறது. ஹிட்ச்காக் சிறுவயதில் பார்த்த லண்டன் நாடக மேடைகளில் பேய்க்குப் பச்சை விளக்கு போடுவார்கள். அடுத்து வரும் முத்தக் காட்சியில் இருவரைச் சுற்றி அறை சுழல்கிறது. சுழலும்போதே அது மாதாகோயிலை ஒட்டிய பழைய குதிரை லாயமாகி, மறுபடி அறையாகிறது. நடிகர்களைச் சுழலும் மேடையில் நிறுத்தி, பின்னால் திரையில் படத்தை ஓட்டி எடுத்த காட்சி இது. ஸ்காட்டி கட்டியணைத்திருப்பது ஜூடியையா, செத்தவளையா, தன் கற்பனையையா என்ற கேள்வி ஒரு சொல்லும் இல்லாமல் எழுகிறது.

படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் வரும் காட்சியை அமைத்தவர் சால் பாஸ். ஒரு பெண்ணின் கண்ணுக்குள்ளிருந்து சுழிகள் சுழன்று வெளிவருகின்றன. அவற்றை வரைய ஜான் விட்னி, போர்க்காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்க உதவிய இயந்திரக் கணிப்பான் ஒன்றை மாற்றியமைத்துப் பயன்படுத்தினார். பெர்னார்ட் ஹெர்மனின் இசை அந்தச் சுழிகளைக் காதுக்குக் கொண்டுவருகிறது. ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே இடத்தைச் சுற்றும் சுரங்கள். கார்லோட்டா நினைவு வரும் இடங்களில் ஸ்பானியச் சாயலுள்ள ஹாபனேரா தாளம். காதலுக்கு, வாக்னரின் இசைநாடகத்தை நினைவூட்டும், முடியாமல் ஏங்கிக்கொண்டே போகும் மெட்டு. ஸ்காட்டி காரில் மேட்லினைப் பின்தொடரும் நீண்ட பகுதியில் பேச்சே இல்லை எனலாம். கதையை நடத்திச் செல்வது இசைதான். அமெரிக்க இசைக்கலைஞர்களின் வேலைநிறுத்தத்தால் ஹெர்மனால் தன் இசையைத் தானே நடத்த முடியாமல்போனது. மியூர் மேத்திசன் லண்டனில் பதிவைத் தொடங்கினார். அங்கும் கலைஞர்கள் ஆதரவு தெரிவித்து நிறுத்த, மீதி வியன்னாவில் பதிவாகியது.

படத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது ஒரு கடிதக் காட்சி. நாவலில் உண்மை கடைசிப் பக்கங்களில்தான் வெளிப்படுகிறது. அதைக் கேட்ட நாயகன் அவளைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். ஹிட்ச்காக் அதை இடம் மாற்றினார். படத்தின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த நிலையில், ஸ்காட்டி ஜூடியின் அறையைவிட்டுப் போனதும் அவள் கேமராவை நேராகப் பார்க்கிறாள். கோபுரத்தில் நடந்தது அப்படியே திரையில் விரிகிறது. அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதி, பிறகு கிழித்துப்போடுகிறாள். அந்த நொடியிலிருந்து பார்வையாளருக்கு எல்லாம் தெரியும், ஸ்காட்டிக்கு எதுவும் தெரியாது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது முன்பே தெரிந்தால்தான் மேலே நடக்கும் சாதாரணப் பேச்சு நெஞ்சைப் பிசையும் என்பது ஹிட்ச்காக் பல பேட்டிகளில் சொன்ன பாடம். இங்கே குண்டு ஒரு பெண்ணின் ரகசியம். அவள் யார் என்ற புதிர் அவிழ்ந்துவிடுகிறது; தன்னைத் தானாகவே நேசிக்கமாட்டானா என்று ஏங்கிக்கொண்டே, அவன் கேட்கிறபடியெல்லாம் அவள் தன்னை அழித்துக்கொள்வதைப் பார்க்கவேண்டியிருக்கிறது. பார்வையாளரின் மனம் ஸ்காட்டியிடமிருந்து ஜூடியிடம் நகர்வது இந்தக் காட்சியால்தான்.

இதை வைப்பதா எடுப்பதா என்று வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்புவரை தகராறு நடந்தது. இணைத் தயாரிப்பாளர் ஹெர்பர்ட் கோல்மன் வைத்தே ஆகவேண்டும் என்றார். ஹிட்ச்காக்கின் நெடுநாள் தோழியும் தயாரிப்பாளருமான ஜோன் ஹாரிசன் எடுத்துவிடச் சொன்னார். ஹிட்ச்காக்கே ஊசலாடி, ஒரு கட்டத்தில் காட்சியை வெட்டிவிட்டார். பாராமவுண்டின் தலைவர் பார்னி பாலபன் தலையிட்டுத் திரும்பச் சேர்க்க வைத்தார். கலைஞனின் வேலையில் முதலாளி தலையிட்டுக் கெடுத்த கதைகளே சினிமா வரலாற்றில் அதிகம். இது மறுபக்கத்து உதாரணம். தணிக்கைக்காக இன்னொரு முடிவும் எடுத்துவைத்திருந்தார்கள்: எல்ஸ்டரைப் போலீஸ் நெருங்குவதாக மிட்ஜ் வானொலியில் கேட்கும் காட்சி அது. நல்லவேளையாக அது வெளியான படத்தில் இடம்பெறவில்லை. கோபுரத்தின் விளிம்பில், தலைசுற்றல் தீர்ந்து, எல்லாவற்றையும் இழந்து ஸ்காட்டி நிற்பதோடு படம் முடிகிறது.

1958 மே 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் காட்சி நடந்தது. சுமார் 25 லட்சம் டாலரில் எடுத்த படம் கையைக் கடிக்கவில்லை, ஆனால் ஹிட்ச்காக்கின் முந்தைய வெற்றிகளுக்குப் பக்கத்தில் வரவில்லை. படம் நீளம், மெதுவாகப் போகிறது, கதை நம்பும்படி இல்லை என்பவை விமர்சகர்கள் அடிக்கடி சொன்ன குறைகள். கலை இயக்கம், ஒலி ஆகிய இரண்டுக்கு மட்டும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பரிசு எதுவும் இல்லை. படம் பெரிதாக ஓடாததற்கு ஸ்டூவர்ட்டின் வயது தெரிந்துவிட்டதே காரணம் என்று ஹிட்ச்காக் பின்னர் குறைபட்டுக்கொண்டார். இருவரும் சேர்ந்த நான்காவது படம் இது. அதுவே கடைசியும் ஆனது. ஆனால் அந்த வயதும் களைப்பும் இல்லாவிட்டால் ஸ்காட்டியின் வெறி இவ்வளவு பரிதாபமாக இருந்திருக்காது. நல்ல மனிதர் என்று அமெரிக்கா கொண்டாடிய முகத்தில், ஒரு பெண்ணின் கூந்தல் நிறத்துக்காகக் கெஞ்சி மிரட்டும் மனிதன் தெரியும்போது வரும் நடுக்கத்தை வேறு நடிகர் தந்திருக்க முடியாது.

1970களின் தொடக்கத்திலிருந்து படம் பார்வையிலிருந்தே மறைந்துபோனது. உரிமை ஹிட்ச்காக்கிடம் திரும்பிய ஐந்து படங்களில் இதுவும் ஒன்று; ‘ரோப்’, ‘ரியர் விண்டோ’, ‘தி ட்ரபிள் வித் ஹாரி’, 1956இன் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ ஆகியவை மற்ற நான்கு. அவர் அவற்றைத் திரையிட விடாமல் பூட்டிவைத்தார். 1980 ஏப்ரலில் அவர் இறந்தபின், யுனிவர்சல் நிறுவனம் உரிமை பெற்று ‘வெர்டிகோ’வை 1983இன் இறுதியில் மீண்டும் வெளியிட்டது. அந்தப் பத்தாண்டுக்கு மேலான காலத்தில் பெரும்பாலோர் நினைவிலிருந்தும் எழுத்திலிருந்தும்தான் அந்தப் படத்தை அறிந்தார்கள்.

எழுத்து வலுவாகவே இருந்தது. பிரிட்டிஷ் விமர்சகர் ராபின் வுட் 1965இல் எழுதிய ஹிட்ச்காக் பற்றிய நூலில் ‘வெர்டிகோ’வைச் சினிமாவின் உச்சங்களில் ஒன்றாக வைத்தார். பிரான்சின் க்ரிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த ‘லா ஜெத்தே’ குறும்படத்தில், ‘வெர்டிகோ’வில் வெட்டிய செக்குவோயா மரத்தின் வளையங்களில் காலத்தைச் சுட்டிக்காட்டும் காட்சியை மரியாதையோடு எடுத்தாண்டார். 1983இன் ‘சான் சொலெய்’யில் படம் நடந்த இடங்களுக்கே யாத்திரை போனார். 1975இல் லாரா மல்வி, சினிமா எப்படி ஆணின் பார்வையில் பெண்ணை வைத்துக் காட்டுகிறது என்று ஆராய்ந்த கட்டுரையில் ‘வெர்டிகோ’வை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ப்ரையன் டி பால்மாவின் ‘அப்செஷன்’ வந்தது. இறந்தவளை இன்னொருத்தியிடம் தேடும் அதே கதைக்கு ஹெர்மனே இசையமைத்தார்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை முன்பே வந்துசேர்ந்திருந்தது. கே. சங்கர் இயக்கி எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த ‘கலங்கரை விளக்கம்’ 1965இல் வெளிவந்தது. மணிக்கோபுரத்தின் இடத்தில் கடலோரக் கலங்கரை விளக்கமும், ஸ்பானிய மாதாகோயில்களின் இடத்தில் மாமல்லபுரமும், கார்லோட்டாவின் இடத்தில் பல்லவர் காலத்துச் சிவகாமியும் வந்தார்கள். சிவகாமியைத் தேர்ந்தது கெட்டிக்காரத்தனம். கார்லோட்டாவை யாரென்று அமெரிக்கப் பார்வையாளருக்குப் புத்தகக்கடைக்காரரை வைத்து விளக்கவேண்டியிருந்தது. கல்கியின் தொடர்கதையைப் படித்திருந்த தமிழ் வீடுகளில் சிவகாமிக்கு அறிமுகமே தேவைப்படவில்லை. எம்.எஸ். விஸ்வநாதனின் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. ஆனால் எம்.ஜி.ஆர். படத்தில் நாயகன் மனம் சிதைந்து, ஒரு பெண்ணை உருக்குலைப்பவனாக மாற இடமில்லை. உமித்தீ அணைந்து, மர்மமும் பாட்டும் மிஞ்சின. தமிழில் சிதைந்த மனம் கொண்ட நாயகனைப் படத்தின் நடுவில் நிறுத்திப் பார்க்க ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980) வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுவெளியீட்டுக்குப் பின் தெரிந்த பெரிய ஆபத்து, படச்சுருளின் நிலை. நெகட்டிவில் வண்ணங்கள் மங்கியிருந்தன. பச்சையும் சிவப்புமாய்ப் பேசும் படத்துக்கு அது மரணம். ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் காட்ஸ் இருவரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு உழைத்து, பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவில் மீட்டெடுத்து, 1996இல் 70 மி.மீ. பிரதியாக வெளியிட்டார்கள். மேட்லினின் பச்சைக் காருக்குப் பூசிய வண்ணத்தின் மங்காத மாதிரி கார் நிறுவனத்திடமிருந்து கிடைத்தது. அதை வைத்தே படத்தின் பச்சையைச் சரிசெய்தார்கள். ஒலியில் மட்டும் சர்ச்சை எழுந்தது. பழைய ஒலித்தடத்தின் இரைச்சலை மறைக்கக் காலடியோசை, கதவோசை முதலியவற்றைப் புதிதாகச் சேர்த்ததை மூலத்தின்மேல் கைவைத்ததாகவே பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் படம் பிழைத்தது அந்த இருவரால்தான்.

‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் உலகின் தலைசிறந்த படங்களைக் கேட்டுப் பட்டியலிடுகிறது. 1962, 1972 பட்டியல்களின் முதல் பத்தில் ‘வெர்டிகோ’ இல்லை. பூட்டில் இருந்தபோதே 1982இல் ஏழாமிடம் பெற்றது. 1992இல் நான்காமிடம், 2002இல் இரண்டாமிடம். 2012இல் 846 பேர் வாக்களித்ததில் 191 வாக்குகளோடு முதலிடத்துக்கு வந்து, 50 ஆண்டுகள் அங்கே இருந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தை இறக்கியது. 2022இல் பெல்ஜிய இயக்குநர் ஷான்டல் ஆக்கர்மனின் ‘ழான் டீல்மன்’ முதலிடம் பிடிக்க, ‘வெர்டிகோ’ இரண்டாமிடத்தில் நின்றது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு பெண்ணின் வீட்டுவேலையை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் படமும் மெல்லக் கனலும் வகைதான். 2025இல் வெனிஸ் திரைப்பட விழா, 92 வயதான கிம் நோவாக்குக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை வழங்கியது. ‘வெர்டிகோ’வோடு அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம் அதே விழாவில் திரையிடப்பட்டது.